நைஸா அரைச்சாச்சா?

என் சித்தி மகன் ஒருத்தன் கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய வீடு ஒன்றைச் செப்பனிட்டு, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறான். போன மாதம் கூப்பிட்டு, "ஆச்சி, ஒரு சின்ன வேலை, மத்தியானச் சாப்பாடு இங்கதான்" என்றான். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். சாப்பாடு என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். போனால், இரண்டு தடிமனான நோட்டுகளைத் தூக்கி முன்னால் வைத்தான். வந்து தங்கியவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது நாலு வரி எழுதிவிட்டுப் போவார்களே, அந்த நோட்டு. அதில் நல்லதாகப் பொறுக்கித் தமிழில் எழுதித் தரவேண்டுமாம், அவனுடைய இணையதளத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்று தொடங்கப்போகிறானாம். இருபது வருடமாகக் காரைக்குடியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தில் 'நைஸ் ஹவுஸ்'. அடுத்ததில் 'வெரி நைஸ் ஃபுட்'. அதற்கடுத்து 'நைஸ் பீப்பிள்', 'நைஸ் டைல்ஸ்', 'நைஸ் பில்லர்ஸ்'. ஒருவர் மே மாதத்தில் வந்து தங்கிவிட்டு, இந்த ஊர் வெயிலை 'நைஸ் அண்ட் வார்ம்' என்று எழுதியிருந்தார். பெரிய மனசு. பென்சிலை வைத்துக்கொண்டு எத்தனை நைஸ் என்று எண்ண ஆரம்பித்தேன், ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

சரி, இதைத் தமிழில் எப்படி எழுதுவது? "நைஸுன்னே போட்டுருங்க ஆச்சி, எல்லாத்துக்கும் புரியும்" என்றான் அவன். சிக்கலே அங்கேதான். எல்லாருக்கும் புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். 'வீடு நைஸா இருந்தது' என்று போட்டால் நம்மூர் ஆள் சுவரைத் தடவிப் பார்ப்பான். 'இங்கே இருக்கிறவர்கள் நைஸான ஆட்கள்' என்று போட்டால் ஒருத்தர் அறை எடுக்கமாட்டார், எடுத்தாலும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவார். 'சாப்பாடு நைஸ்' என்றால், பல்லில்லாதவர்களுக்குப் போடுகிற சாப்பாடா என்று கேட்பார்கள். ஒரே சொல், இங்கிலீஷிலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது.

நான் நைஸ் என்ற சொல்லை முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, ஆட்டுக்கல் பக்கத்தில். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவாட்டுகிற நாள். செய்யத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அது மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கவேண்டும், அந்தக் குவியல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, தண்ணீரைச் சிக்கனமாகத் தெளித்து ஆட்டவேண்டும். ஆயா, அதாவது எங்கள் பாட்டி, கல்லுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாவில் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாக. "இன்னும் நைஸாகல. ஆட்டு." பத்து நிமிஷம் கழித்து மறுபடி. "இன்னும் கொஞ்சம் நைஸா." மாவு நைஸாக இல்லை என்றால் எண்ணெயில் ஊற்றின பணியாரம் மேலெல்லாம் சொரசொரவென்று ஆகிவிடும், வெள்ளையாகவும் வராது, எண்ணெயையும் குடிக்கும். கரண்டியால் ஊற்றினதும் அதுவே வட்டமாய் எழும்பி, ஓரம் மட்டும் மெல்லிசாக விரிந்து நிற்கவேண்டும். வரமிளகாய்த் துவையலோடு வைத்தால், அப்புறம் பேச்சே கிடையாது.

ஆக எனக்கு நைஸ் என்பது கண்ணால் பார்க்கிற குணம் இல்லை, விரலால் பார்க்கிற குணம். உழைத்து வரவழைக்கிற குணமும்கூட. எதுவும் பிறக்கும்போதே நைஸாகப் பிறப்பதில்லை, அரைக்க அரைக்கத்தான் ஆகும். மாவு மில்லில் போய் நின்றால் இன்றைக்கும் அதே கேள்விதான், "நைஸா ஓட்டவா, கொரகொரப்பாவா?" மிளகாய்ப் பொடிக்கு நைஸ், அடைக்குக் கொரகொரப்பு, மிளகுக் கறிக்கு இடிக்கிறதென்றால் ஒன்றும் பாதியுமாக. கடையில் நைஸ் ரவை என்று கேட்டால் பொடி ரவையைத் தருவார்கள். ஜவுளிக் கடையில் 'நைஸ் சேலை' என்றால் கையில் வழுக்கிக்கொண்டு போகிற மெல்லிய ரகம், எங்கள் பக்கத்துக் கண்டாங்கி அதில் சேராது, அது முரட்டுப் பருத்தி, துவைக்கத் துவைக்கத்தான் இளகும்.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஆயாவின் அம்மா காலத்தில் 'மைய அரை' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், ஆயாவே இப்போதும் துவையலுக்கு அப்படித்தான் சொல்வாக. மை மாதிரி அரைப்பது. பழைய மருந்துக் குறிப்புகளில் 'நைய அரைத்து' என்றும் வரும். நைதல் என்றால் நசுங்கி, இளகி, இழை இழையாகப் போவது, நைந்த துணி என்கிறோமே, ஒருத்தனை நையப் புடைத்தார்கள் என்கிறோமே, அந்த நை. இங்கிலீஷ் நைஸ் வந்து இறங்கியபோது 'நைய'வும் 'மைய'வும் ஏற்கெனவே அடுப்படியில் உட்கார்ந்திருந்தன, புதுசாக வந்தவன் சொந்தக்காரன் மாதிரியே இருந்ததால் யாரும் யார் நீ என்று கேட்கவில்லை என்பது என்னுடைய கணக்கு. காதுக்கு ஒத்துப்போன இரவல் சொல் சீக்கிரம் வீட்டுப் பிள்ளையாகிவிடும்.

சுவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் முடித்துவிடுகிறேன். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பளிங்கு மாதிரி இருக்கும், கோடையிலும் கையை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். பெயின்ட் கிடையாது. சுண்ணாம்பைத் தாளித்து, புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல பூச்சுப் பூசி, கடைசிப் பூச்சுக்கு மட்டும் சலித்தெடுத்த சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து முட்டை வெள்ளைக் கருவைச் சேர்ப்பார்கள். பூசினதோடு விட்டுவிட மாட்டார்கள், வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள், மினுக்கம் வருகிற வரைக்கும். நூறு வருடத்துக்கு அப்புறமும் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்கிற மாதிரிச் சுவர் எங்கிருந்து வந்தது என்றால், அந்தத் தேய்ப்பிலிருந்துதான். இப்போதும் சித்தி மகன் வீட்டில் பழுது பார்த்த கொத்தனார் அண்ணன், பூச்சு காயும்போது உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு ஆட்களிடம் சொன்னது இதுதான்: "நைஸ் பத்தல, தேய்ங்கப்பா."

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லும் அதே குடும்பம்தான், ஆனால் அங்கே தேய்ப்பே கிடையாது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் குழி குழியாக ஊற்றி, மேலே உலர்ந்த மண் சிமெண்டுக் கலவையையும் ஈரக் கலவையையும் போட்டு, அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், சூளையே கிடையாது. கண்ணாடியில் ஒட்டின பக்கம் கண்ணாடி மாதிரியே வந்துவிடுகிறது. நோட்டில் 'நைஸ் டைல்ஸ்' என்று எழுதிவிட்டுப் போனவர் அழகைச் சொன்னாரா, வழவழப்பைச் சொன்னாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். பெரும்பாலும் செருப்புக் காலோடு நடந்திருப்பார்.

இனி நைஸின் இன்னொரு முகம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பத்தியை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். திருடன் ஒருத்தன் ராத்திரியில் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழைகிறான். நான் என் மனசுக்குள் அதை 'நைஸா நுழைஞ்சான்' என்று படித்து, அப்படியே 'தி தீஃப் நைஸ்லி என்டர்ட் தி ஹவுஸ்' என்று எழுதிவைத்தேன். டீச்சர் வகுப்பு முன்னால் சத்தமாகப் படித்துவிட்டு, "வணக்கம் சொல்லி, செருப்பைக் கழட்டி வச்சுட்டு நுழைஞ்சானோ?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை, நைஸாகத்தானே நுழைந்தான்! 'ஸ்லிப்ட் இன்' என்று எழுதியிருக்கவேண்டும், இல்லை 'ஸ்னீக்ட் இன்'. இன்றைக்கு என் டியூஷன் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒன்றாவது இதே தப்பை எழுதிக்கொண்டு வருகிறது, நான் அதற்கு மட்டும் திட்டுவதில்லை.

யோசித்துப் பார்த்தால் தமிழில் இந்த நைஸ் எத்தனை வேலை பார்க்கிறது. நைஸா நழுவிட்டான், கூட்டத்திலிருந்து. நைஸா கேட்டுப் பாரு, அதாவது கோபம் வராத மாதிரி, நேரம் பார்த்து. நைஸா பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டா. "என்ன, நைஸ் பண்றியா?" என்று அம்மா கேட்டால் காசுக்கு அடி போடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள், அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் 'ஐஸ் வைக்கிறது'. இது ஏதோ சம்பந்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொண்ட பொருள் இல்லை. மாவில் கட்டி இல்லாமல் இருப்பது, சுவரில் சொரசொரப்பு இல்லாமல் இருப்பது, பேச்சிலும் நடையிலும் உரசல் இல்லாமல் இருப்பது, எல்லாம் ஒரே வழவழப்பு. வழவழப்பானவன் கையில் சிக்கமாட்டான். நழுவுவது, வழுக்குவது என்று நாம் சொல்கிற எல்லாமே அந்தத் தொடு உணர்விலிருந்துதான் வருகிறது, இங்கிலீஷ்காரர்களும் ஏமாற்றுக்காரனை 'ஸ்மூத்' என்கிறார்கள், ஆனால் நைஸ் என்று சொல்லமாட்டார்கள்.

அதனால் வந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை பார்த்தார்கள், பையன் சென்னையில் வேலை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, பையனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அயித்தைக்கு போன் பண்ணி, "பையன் ரொம்ப நைஸ், அயித்தை" என்று சொல்லிவிட்டாள். அயித்தை போனை வைத்துவிட்டு வளவில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்கள் அப்பச்சியைக் கூப்பிட்டு, "அவுக நைஸான ஆளாம்ல, வேண்டாம்ப்பா, நம்ம பிள்ளை வெள்ளந்தி, நைஸா பேசி எல்லாத்தையும் எழுதி வாங்கிருவாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பச்சி வேறு அதை நம்பி, பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கப் போய், அந்த விசாரணை பையன் வீட்டுக் காதுக்கு எட்டி, சம்பந்தமே முறிகிற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் கல்யாணம் நடந்தது, நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். இப்போதும் அவர் வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருத்தர், "வாங்க நைஸ் மாப்பிள்ளை" என்பார்கள், அவர் சிரித்துக்கொண்டே நாங்கள் பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் நைஸாக எழுந்து போய்விடுவார். அயித்தை சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

இதில் வேடிக்கை, இங்கிலீஷிலேயே இந்தச் சொல்லுக்கு முதலில் நல்ல பெயர் கிடையாது. லத்தீனில் 'நேஸ்கியுஸ்' என்று ஒரு சொல், அறியாதவன் என்று பொருள். 'ஸ்கிரே' என்றால் அறிவது, சயன்ஸ் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். முன்னால் ஒரு 'நெ' போட்டால் அறியாமை. அறிந்தால் சயன்ஸ், அறியாவிட்டால் நைஸ், இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் 'முட்டாள்' என்ற பொருளில் புழங்கி, சுமார் 700 வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷுக்குள் வந்தது. அந்தக் காலத்தில் ஒருத்தரை நைஸ் என்று சொன்னால் மடையன் என்று சொன்னதாக அர்த்தம். அப்புறம் அது நடத்தை சரியில்லாதவர் என்று ஆனது, ஆடம்பரக்காரர் என்று ஆனது, எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிற, தொட்டாச் சிணுங்கி ஆள் என்று ஆனது. குறை சொல்கிறவன் எதையும் உற்றுப் பார்ப்பான் இல்லையா, அந்த வழியாக நுணுக்கமான, துல்லியமான, மென்மையான என்ற பொருள்கள் வந்தன. ஷேக்ஸ்பியர் காலத்தில் அற்பமான விஷயத்தையும் நைஸ் என்றிருக்கிறார்கள். இனிமையான, பிடித்தமான என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவுகிறது, அன்பான மனிதர் என்ற பொருள் அதற்கும் பிந்தி. மடையனில் தொடங்கி அன்பானவரில் வந்து நின்றிருக்கிறது, நானூறு ஐந்நூறு வருட நடை.

நமக்கு இது புதுசில்லை. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம், ஆண்டாள் கற்பூரம் நாறுமோ என்று கேட்டபோது அது வாசனை, இன்றைக்கு அதே சொல்லைச் சொன்னால் மூக்கைப் பொத்துகிறோம். நாற்றம் கீழே இறங்கினது, நைஸ் மேலே ஏறினது. இங்கிலீஷிலும் ஒன்று இறங்கியிருக்கிறது, 'சில்லி' என்ற சொல்லுக்கு ஆதியில் ஆசீர்வதிக்கப்பட்ட, பாக்கியசாலி என்று பொருள். பாக்கியசாலி முட்டாளாகிவிட்டார், முட்டாள் இனியவராகிவிட்டார்.

நடுவில் இருந்த நுணுக்கம் என்ற பொருள் முழுக்கச் சாகவில்லை. வக்கீல்களும் பேராசிரியர்களும் இன்றைக்கும் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பார்கள், அழகான வேறுபாடு இல்லை, மயிரிழை வேறுபாடு. 'நைசிட்டி' என்ற பெயர்ச்சொல்லிலும் அந்த நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. என் டியூஷன் பிள்ளை ஒருத்தன் சட்டக் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருக்கும்போது, "நீதிபதி ரொம்ப நல்ல பாயின்ட்டுன்னு பாராட்டியிருக்காரு டீச்சர்" என்று ஒரு தீர்ப்பை அனுப்பினான், பார்த்தால் 'நைஸ் கொஸ்டின்', அதாவது இழை பிரிக்கவேண்டிய சிக்கலான கேள்வி என்கிறார். பாராட்டவெல்லாம் இல்லை. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இங்கிலீஷ்காரர்கள் நீதிமன்றத்தில் மட்டும் வைத்துக் காப்பாற்றுகிற அந்தப் பழைய நுணுக்கத்தை நாம் மாவு மில்லில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

மற்றபடி அவர்கள் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். இது நான் சொல்கிற குறை இல்லை, 1817இன் கடைசியில், ஜேன் ஆஸ்டின் இறந்து சில மாதம் கழித்து வெளிவந்த 'நார்த்தேங்கர் ஆபி' நாவலிலேயே ஒரு பாத்திரம் இதைக் கிண்டலடிக்கிறது, புத்தகமும் நைஸ், நாளும் நைஸ், நடையும் நைஸ், எதைப் புகழ்வதென்றாலும் இந்த ஒரு சொல்தானா என்று. இருநூறு வருடம் கழித்தும் சித்தி மகனுடைய நோட்டில் நிலைமை மாறவில்லை.

ஆனாலும் தேய்ந்த காசு செல்லாக் காசு இல்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது, முதலில் 'நைஸ்' என்பதற்கும் 'குட்' என்பதற்கும் உள்ள வித்தியாசம். 'குட் டாக்டர்' என்றால் கைராசிக்காரர், நோயைக் கண்டுபிடிப்பவர். 'நைஸ் டாக்டர்' என்றால் சிரித்த முகம், பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அதிர்ஷ்டம். நான் பல் பிடுங்கப் போன ஓர் இடத்தில் டாக்டர் அவ்வளவு நைஸ், குடும்பத்தையெல்லாம் விசாரித்தார், பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். அப்புறம், முதன்முதலில் ஒருவரைப் பார்க்கும்போது 'நைஸ் டு மீட் யூ', பேசி முடித்துக் கிளம்பும்போது 'நைஸ் மீட்டிங் யூ', இதை மாற்றிச் சொன்னால் உள்ளே வந்ததும் போய்வருகிறேன் என்று சொல்வது மாதிரி இருக்கும். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் பாதிப் பேர் மாற்றித்தான் சொல்கிறார்கள். 'ஓல்ட் நைஸ் ஹவுஸ்' என்று எழுதக்கூடாது, 'நைஸ் ஓல்ட் ஹவுஸ்', அபிப்பிராயம் முதலில், வயது பிறகு. இதற்கு விதி உண்டு என்றாலும் நான் விதியைச் சொல்வதில்லை, நாலு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் காதே சரிபண்ணிக்கொள்ளும்.

'நைஸ் அண்ட் வார்ம்' என்பதில் வருகிற நைஸை விளக்கத்தான் எனக்குப் பல வருடம் பிடித்தது, பிறகு நம் சொல்லே கைகொடுத்தது. நல்லா சூடா காப்பி குடு என்கிறோமே, அந்த நல்லா. நல்ல பசி, நல்ல மழை, நல்ல அடி. அடியில் என்ன நன்மை இருக்கிறது? அளவைத்தான் சொல்கிறோம். எரிச்சலில் 'நல்ல கூத்து' என்கிறோமே, அதுதான் அவர்கள் 'நைஸ் மெஸ்' என்பது. 'தட்ஸ் எ நைஸ் வே டு டாக்' என்று யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் நன்றி சொல்லிவிடாதீர்கள். நல்ல பாம்புக்கு நல்ல என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாதா என்ன.

ஒன்று மட்டும் கேட்டுப் பழகினால்தான் வரும். 'க்வைட் நைஸ்'. அமெரிக்கர் எழுதினால் நன்றாகவே பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும், பரவாயில்லை, குறை சொல்ல மனசில்லை. நம் வீட்டு விருந்தில் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு, "ம், இருக்கு" என்பாரே, அந்த ரகம்.

பெங்களூரில் இருக்கிற என் தம்பி, கம்ப்யூட்டரில்கூட நைஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது என்றான். யூனிக்ஸ், லினக்ஸில் ஒவ்வொரு வேலைக்கும் -20 முதல் 19 வரை ஒரு நைஸ் எண் உண்டாம், எண் கூடக்கூட அந்த வேலை ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிடுமாம். கேட்டதும் எனக்கு எங்கள் ஆயா ஞாபகம்தான் வந்தது, பந்தியில் எப்போதும் கடைசியாக உட்காருகிற ஆள். இன்னொன்று, பிரான்சில் நைஸ் என்றே எழுதி நீஸ் என்று படிக்கிற ஊர் ஒன்று இருக்கிறது, கடலோரம். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கிரேக்கர்கள் வெற்றித் தேவதை பெயரில் வைத்த ஊர் அது. பள்ளிக்கூட நாளில் உலகப்படத்தைப் பார்த்து அதை நைஸ் என்று படித்தவள்தான் நானும்.

நோட்டுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் பத்து, சாப்பாட்டுக்குப் பின்னால் பதினைந்து என்று இருபத்தைந்து வரியை எழுதிக்கொடுத்தேன். ஓர் இடத்தில்கூட நைஸ் என்று போடவில்லை. 'நைஸ் பீப்பிள்' என்பதை 'முகம் கோணாமல் கவனித்துக்கொண்டார்கள்' என்று ஆக்கினேன். 'நைஸ் ஃபுட்' எழுதினவர் கீழேயே வறுவலின் பெயரைத் தப்புத்தப்பாக எழுதியிருந்தார், அதை வைத்து 'வறுவலை மறக்கமுடியாது' என்று கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்தேன். 'நைஸ் அண்ட் வார்ம்' வெயிலை எடுக்காமலே விட்டுவிட்டேன், அதைத் தமிழில் போட்டால் நம்பமாட்டார்கள். லண்டன்காரர் ஒருவர் எழுதின 'க்வைட் நைஸ்' என்பதை 'பரவாயில்லை' என்று நேர்மையாகப் போட்டேன், சித்தி மகன் முகம் சுருங்கிவிட்டது. "ஆச்சி, அவுக மூணு நாள் தங்குனாக, போறப்ப கையைப் பிடிச்சுட்டுப் போனாக." சரி என்று அதை எடுத்துவிட்டேன். கையைப் பிடித்தது உண்மையாக இருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயாவுக்கு இப்போது 87 வயது, மாவாட்டுவதெல்லாம் கிரைண்டர்தான், ஆனால் விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. வெள்ளைக்காரர்கள் வீட்டை, சுவரை, தரையை, எல்லாவற்றையும் நைஸ் நைஸ் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் ஆயா, என்றேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாக.

"தொட்டுப் பாத்தாகளா?"